இதல்கசின்னையில் ஐந்தாவது டேக்

கூட்டத்தில் நிற்க நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறு,
மத்தியானச் சோறு தனி.
சேலை அவர்களே தந்தார்கள்,
எழுபத்தொன்றாம் ஆண்டுச் சேலையாம்.
எழுபத்தொன்றில் நான் இப்படி ஒன்றும் உடுத்தவில்லை.
சொல்லவில்லை.
கையில் ஒரு வெறும் தகரப் பெட்டி.
"அம்மா, கெமராவப் பார்க்க வேணாம்"
என்றது தொப்பி போட்ட பிள்ளை.

அவரும் இதையேதான் சொல்வார்:
"சனம் என் கையைப் பார்க்கட்டும்.
நீ எதையும் பார்க்காதே."

பெரட்டில் காத்தாயி,
நோட்டீசில் மிஸ் ரோசலின்.
புரொபசர் சந்தனம் காட்டும் வேடிக்கையில்
சனிக்கிழமைதோறும் நான் இல்லாமல் போவேன்.
அப்புத்தளை, வெலிமடை, பதுளையில் ஒரு ஹோல்,
தீபாவளிக்கு ஸ்டோர் முற்றத்தில்
பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில்.
பெட்டி, தேயிலைப் பெட்டிப் பலகை.
உள்ளே ஈயத்தாள்கூட உரிக்கவில்லை;
முகத்துக்கு நேரே பி.ஓ.பி. என்று அச்சு.
பின்பலகை நகரும்.
நெஞ்சை ஒடுக்கத் தெரிந்தவள் நழுவலாம்.

அதற்கு முன் மூன்று தட்டுவார்.
உள்ளே சரி என்றால் நான் இரண்டு.
அப்புறம்தான் கத்தி.
என் இரண்டைக் கேட்காமல் ஒருநாளும்
அவர் கத்தியைத் தொட்டதில்லை.

இந்தப் படத்தில் மழையில் நனைகிறார்கள்,
நெடுநேரம்.
எங்களுக்கு அவ்வளவு நேரமிருக்கவில்லை.
விடிந்தால் பெரட்டு.

பிறகு கடுதாசி வந்தது.
அவருக்கு இந்தியா.
எனக்கு எந்த நாட்டையும் எழுதவில்லை.
"பெட்டியில் வா" என்றார்.
தலைமன்னார் வரை சாமான், கப்பலிலும் சாமான்,
மண்டபத்தில் திறந்தால் மிஸ் ரோசலின்!
சிரித்தார். நானும் சிரித்தேன்.
காற்றுக்கு ஏழு துளை போட்டிருந்தார்.
அவர் தூங்கிய பிறகு விரல் வைத்து எண்ணினேன்.
ஏழுதான்.

இந்தப் பிளாட்பாரம்தான்.
பனி. ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டிய சனம்.
சுரங்கத்துக்குள் கோச்சி வெளிச்சம் தெரிந்ததும்
மூன்று தட்டினார்.
நான் விரல் மடக்குமுன்
சப்பாத்துச் சத்தம் தூரப் போய்விட்டது.
யாரோ பாஸ்போட் கேட்டிருக்கலாம்.
யாரோ கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம்.
நான் இரண்டு தட்டினேன்.
இன்னொரு முறையும் தட்டினேன்.
ஈயத்தாள் மட்டும் சத்தம் போட்டது.

பின்பலகை நகர்ந்தது.
அவர் கற்றுத்தந்தபடியே, சத்தமில்லாமல்.
தண்டவாளக் கல்லை மடியில் அள்ளி
உள்ளே போடவும் நேரமிருந்தது,
என் பாரம் அவருக்குத் தெரியுமே.
நான் அப்போது பெரிய பாரமில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.
இரண்டு பேர் பெட்டியை ஏற்றினார்கள்.
அவர் துண்டால் அதன் மூடியைத் துடைத்தார்.
அதைப் பார்த்திருக்கக் கூடாது.
கோச்சி மேற்குச் சுரங்கத்துக்குள் போனது.
மறுபக்கம் வெளியே வந்ததென்று
இதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் மலைக்குப் போனேன்.
பதினாறு கிலோ எடுத்தேன் அன்றைக்கு.

இன்று
கதாநாயகி நாலு தடவை கோச்சியிலிருந்து இறங்கிவிட்டாள்.
நாலு தடவையும் அவன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டான்.
பெரிய டைரக்டருக்குப் பனி போதவில்லை.
எங்களூர்ப் பனி போதாமல்
மெஷினில் புகை விட்டார்கள்.

ஐந்தாவது டேக்.
பெட்டிமேல் உட்கார்ந்து காத்திருக்கும் பையன்,
யாரும் சொல்லிக்கொடுக்காமல்,
குனிந்து விரல் முட்டியால்
மூன்று தட்டினான்.

தகரம் பொல்லாதது.
இரண்டு தட்டல் மலை முழுக்கக் கேட்டது.

"கட்!"
காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி
"யாரோ தட்டுறாங்க சார்" என்றான் ஒருவன்.
பையன் பெட்டி மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
தொப்பிப் பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தது.

நான் கெமராவைப் பார்க்கவில்லை.